சவேரியார் சென்று சேராத ஊர்

தூய பிரான்சிஸ் சவேரியாரைப் பற்றித் தமிழில் கிடைக்கும் சிறு வரலாற்று நூல்கள் பலவற்றில் ஒரு செய்தி ஏறத்தாழ ஒரே வடிவில் வருகிறது. 1545இல் அவர் மயிலாப்பூருக்கு வந்தார். திருத்தூதர் தோமையாரின் கல்லறைக் கோயிலில் நான்கு மாதம் செபத்தில் கழித்தார். இறைவனின் திருவுளம் அவருக்கு வெளிப்பட்டது. கிழக்கு நோக்கிக் கப்பலேறினார். டிசம்பர் 3 திருவிழாவை ஒட்டி நடக்கும் நவநாள் மறையுரைகளிலும் இதைக் கேட்கலாம். நான்கு மாதம் கேட்டார், விடை வந்தது, புறப்பட்டார் என்பதுதான் சாரம். எந்த வகையில் விடை வந்தது, குரலாகவா, கனவாகவா, வேறு அடையாளமாகவா என்பதை யாரும் சொல்வதில்லை. இந்த இடைவெளிதான் என்னை அவருடைய கடிதங்களிடம் கொண்டுபோனது.

கேள்வி வெறும் வரலாற்று ஆர்வத்தால் எழுந்ததன்று. குருமடத்தில் சேர்வதா வேண்டாமா, வந்திருக்கும் வரனை ஏற்பதா, வயதான பெற்றோரை விட்டுவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போவதா என்று தவிக்கிறவர்கள் பங்குத் தந்தையிடம் வந்து கேட்பது இதைத்தான்: ஆண்டவர் என்னிடம் என்ன விரும்புகிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கத்தோலிக்க மரபு இந்தத் தேடலைத் ‘தேர்ந்து தெளிதல்’ என்கிறது. ஒரு புனிதரை அதற்கு வழிகாட்டியாக நிறுத்தினால், அவர் உண்மையில் நடந்த வழியைத்தான் காட்ட வேண்டும். நடக்காத வழியைக் காட்டினால், விடை வராத நூற்றிருபதாம் நாளில் கேட்டவர் மனம் உடைந்துபோவார்.

இடத்திலிருந்து தொடங்கினால் அதிகம் கிடைக்காது. இன்று மயிலாப்பூர்ச் சாந்தோமில் நிமிர்ந்து நிற்கும் பேராலயம் 1896இல் திறக்கப்பட்டது. போர்த்துக்கீசியர் கட்டியிருந்த பழைய கோயில் அதற்காக இடிக்கப்பட்டது. பங்குக்குரு காஸ்பர் கோயல்யோவின் வீட்டில் சவேரியார் தங்கியிருந்தார் என்பது பதிவில் இருக்கிறது. அந்த வீடு இல்லை. கோயிலுக்குள் உள்ள மயிலை மாதா திருவுருவத்தின் முன் அவர் செபித்ததாக மரபு சொல்கிறது. மரபை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் என்ன கேட்டார், எப்போது தெளிந்தார் என்பதை அது சொல்லாது. அதற்குத் தாள்கள் வேண்டும்.

தாள்களை அடைவதிலும் ஒரு சிக்கல். பழைய நூலகங்களில் எளிதாகக் கைக்கு வருவது ஹென்றி ஜேம்ஸ் கோல்ரிட்ஜ் 1872இல் வெளியிட்ட ஆங்கில நூல். அதில் கடிதங்கள் பெரிதும் லத்தீன் வழியாக வந்திருக்கின்றன. சவேரியார் எழுதியது ஸ்பானியத்திலும் போர்த்துக்கீசியத்திலும். அவற்றை 1596இல் துர்செலினுஸ் என்பவரும் 1667இல் பூசீன் என்பவரும் அழகிய லத்தீனுக்கு மாற்றினார்கள். அழகு கூடியபோது அவசரமாக எழுதப்பட்ட கடிதத்தின் மூச்சு போய்விட்டது. தேதி பற்றிய ஆய்வுக்கு அந்தப் பதிப்புகளை நம்ப முடியாது. கெயோர்க் ஷுர்ஹாமர், யோசப் விக்கி என்னும் இரு சேசு சபைக் குருக்கள் பழைய கையெழுத்துப் படிகளை ஒப்பிட்டு, 1944, 1945ஆம் ஆண்டுகளில் ரோமிலிருந்து இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட பதிப்பே இன்று அடிப்படை. 137 ஆவணங்கள் அதில் உள்ளன. ஷுர்ஹாமர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சவேரியாருக்கே கொடுத்தவர்.

அந்தப் பதிப்பில் 1544ஆம் ஆண்டுப் பக்கங்களைப் புரட்டும்போது முதலில் எதிர்ப்படுவது முத்துக்குளித்துறை. மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி, ஆலந்தலை என்று ஊர் ஊராக நகர்ந்தபடி, உடன் உழைத்த பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்கு அவர் எழுதிய சிறு கடிதங்கள். கடற்கரைத் தமிழ் அவற்றில் போர்த்துக்கீசிய எழுத்தில் அப்படியே வருகிறது: பட்டங்கட்டி, அதாவது பரதவர் ஊர்த்தலைவர், கணக்கப்பிள்ளை, அதாவது கணக்கெழுதுபவர், இக்கடிதங்களில் கோயிலைக் கவனித்துச் செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார், பணம், அக்காலத்துச் சிறு நாணயம், தோணி.

அவற்றில் ஒன்றை இங்கே சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். 1544 ஜூன். வடுகர் படை குமரிப் பகுதியைச் சூறையாடுகிறது. பரதவர் ஓடிப்போய்க் கடலுக்குள் நிற்கும் பாறைகளில் ஒதுங்கியிருக்கிறார்கள். சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவேற்றிப் புறப்படுகிறார். காற்று நேர் எதிரே அடிக்கிறது. துடுப்பு போட்டும் இழுத்தும் குமரியை நெருங்க முடியவில்லை. திரும்பி வந்து, காற்று தணிந்தால் மறுபடி போவேன் என்று எழுதுகிறார். ‘ஏன் இறைவன் காற்றை எதிர்த்து வீசவிட்டார்’ என்ற புலம்பல் அதில் இல்லை. ‘இது இறைவிருப்பம் இல்லை போலும்’ என்று கைவிடுவதும் இல்லை. காற்றைக் காற்றாகவே பார்க்கிறார். மயிலாப்பூர்க் கதைக்கு முன் இந்தக் குணத்தைக் குறித்துக்கொள்வது அவசியம். எதிர்ப்படும் ஒவ்வொரு தடையையும் விண்ணகச் செய்தியாகப் படிக்கும் மனிதர் அல்லர் இவர்.

அடுத்த தடயம் 1545 ஜனவரி 27 அன்று கொச்சியிலிருந்து ரோமிலுள்ள தோழர்களுக்கு எழுதியது. திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததைச் சொல்லும் புகழ்பெற்ற கடிதம் இதுதான். அதனால் எல்லோரும் அந்தப் பகுதியிலேயே நின்றுவிடுகிறார்கள். நம் தேடலுக்கு முக்கியமானது வேறொரு பத்தி: மிகத் தொலைவில் மக்காசார் என்னும் நாட்டில் பெருந்தலைவர்கள் சிலர் கிறிஸ்தவர்களாகியிருக்கிறார்கள், குருக்களைக் கேட்கிறார்கள் என்ற செய்தி. மக்காசார் என்பது இன்றைய இந்தோனேசியாவின் சுலவேசித் தீவு. அங்கே 1544இல் அந்தோனியோ தெ பைவா என்ற வணிகர் இரண்டு சிற்றரசர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்திருந்தார்.

ஆக, மயிலாப்பூருக்கு வருவதற்கு மூன்று மாதத்துக்கு முன்பே மக்காசார் அவர் மனத்தில் இருக்கிறது. கல்லறைக் கோயிலில் வானத்திலிருந்து இறங்கிய புதுச் செய்தி அன்று. வணிகர் வாய்வழியாகத் துறைமுகத்துக்கு வந்த செய்தி. இதனால் செபத்தின் மதிப்பு குறைவதாக நான் கருதவில்லை. மாறாக, செபத்தில் அவர் கேட்டது என்ன என்பது கூர்மையாகிறது. ‘எங்கே போக வேண்டும்’ என்ற வெற்றுக் கேள்வி அன்று அது. கண்முன் இரண்டு பாதைகள் இருந்தன: விட்டுவந்த பரதவரிடம் திரும்புவது, அல்லது மக்காசாருக்குப் போவது.

உண்மையில் அந்த ஜனவரியில் மூன்றாவது பாதையும் இருந்தது. அதைப் பற்றி மறையுரைகள் பேசுவதில்லை. மன்னாரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற நூற்றுக்கணக்கானோரை யாழ்ப்பாண அரசன் சங்கிலி முந்திய ஆண்டில் கொன்றிருந்தான். அவனைத் தண்டித்து வேறொருவரை அரியணையில் அமர்த்தப் போர்த்துக்கீசிய ஆளுநர் படையனுப்ப ஏற்பாடு செய்திருந்தார். படை கூடும் இடம் நாகப்பட்டினம். சவேரியாரும் அந்த முயற்சியை ஆதரித்தார். அதில் இறைவனுக்குத் தொண்டு இருக்கிறது என்று நம்பினார். ஐரோப்பிய அரசின் வாளும் நற்செய்தியும் ஒரே கப்பலில் ஏறிய அந்தக் காலத்தின் நம்பிக்கை அது. இன்று அதைப் படிக்கும் தமிழருக்கு, குறிப்பாக ஈழத்தவருக்கு, அது எளிதில் செரிக்காது, செரிக்கவும் வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

அடுத்த பக்கம் 1545 ஏப்ரல் 7. நாகப்பட்டினத்திலிருந்து மன்சிலாசுக்கு எழுதியது. இந்தத் தேடலில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த கடிதம் இதுதான். யாழ்ப்பாணப் படையெடுப்பு நின்றுபோனது என்கிறார். காரணம் எளியது: பர்மாவின் பெகுவிலிருந்து வந்த போர்த்துக்கீசிய அரசரின் கப்பல் யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டிவிட்டது, சரக்கு சங்கிலியின் கையில் சிக்கிவிட்டது. சரக்கு திரும்பக் கிடைக்கும்வரை அரசனைப் பகைக்க அதிகாரிகளுக்கு மனமில்லை. படுகொலைக்குத் தண்டனை என்று முழங்கியவர்கள் மூட்டைகளுக்காக நின்றுவிட்டார்கள். சவேரியார் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, தம் நிலையைச் சொல்கிறார். மலாக்காப் பகுதியில் தொண்டுக்கு வாய்ப்பு மிகுதி என்ற செய்தி இருக்கிறது. போவதா, இங்கேயே இருப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. மே மாதத்துக்குள் முடிவு செய்வேன். இறைவன் தம் விருப்பத்தை உள்ளத்தில் உணர்த்தும்போது நிறைவேற்ற நாம் எப்போதும் ஆயத்தமாக இருக்க வேண்டும், எங்கே கூடுதலாகத் தொண்டு செய்ய முடியுமோ அங்கே போகும் வழிப்போக்கராக இருக்க வேண்டும் என்ற கருத்தும் இங்கேதான் வருகிறது.

மே மாதத்துக்குள் முடிவு செய்வேன். புனிதர்களின் வரலாற்றில் இப்படி ஒரு வாக்கியத்தை நாம் எதிர்பார்ப்பதில்லை. இறைத்திருவுளத்துக்காகக் காத்திருக்கும் ஒருவர் தமக்குத் தாமே கெடு வைத்துக்கொள்கிறார். இறைவனுக்கு வைத்த கெடு அன்று அது. தம் தயக்கத்துக்கு வைத்தது. அதே கடிதத்தில், தாம் இல்லாத காலத்தில் செய்ய வேண்டிய வேலைகளை மன்சிலாசுக்கு ஒப்படைக்கிறார்: ஓரிடத்தில் தங்கிவிடாதே, ஊர் ஊராகப் போ, பிறந்த குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடு, சிறுவர்களுக்குச் செபம் கற்பிக்க ஏற்பாடு செய். எந்தப் பக்கம் முடிவு விழுந்தாலும் பரதவர் அநாதையாகக் கூடாது என்ற அக்கறை இது.

நாகப்பட்டினத்தில் ஏன் தங்க நேர்ந்தது என்பதற்கும் அவரே காரணம் சொல்லியிருக்கிறார். குமரிக்குத் திரும்பக் காற்று இடம் தரவில்லை. அதனால்தான் வடக்கே சாந்தோம். நெடுநாள் திட்டமிட்ட திருப்பயணம் என்று நாம் கற்பனை செய்வது பொருந்தாது. வழி அடைபட்டபோது திறந்திருந்த பக்கம் அது. அங்கே தோமையாரின் கல்லறையும் இருந்தது.

இனி 1545 மே 8. சாந்தோமிலிருந்து கோவாவிலுள்ள இரு குருக்களுக்கு எழுதியது. முடிவு வந்துவிட்டது. இந்தப் புனித இல்லத்தில் இறைவனின் விருப்பத்தை உணரவேண்டி மன்றாடினேன். மிகுந்த உள் ஆறுதலோடு, மலாக்காப் பக்கம் போவதே அவர் விருப்பம் என்று உணர்ந்தேன் என்பது கடிதத்தின் செய்தி. போகாவிட்டால் இறைவனுக்கு எதிராக நடந்தவனாவேன் என்கிறார். இந்த ஆண்டு போர்த்துக்கீசியக் கப்பல் கிடைக்காவிட்டால் முஸ்லிம்களின் கப்பலிலோ மற்றவர்களின் கப்பலிலோ போவேன். இந்தக் கரையிலிருந்து ஒரு கட்டுமரம் மட்டுமே புறப்படும் என்றாலும் அதில் ஏறுவேன் என்றும் எழுதுகிறார். மெரினாவிலும் சாந்தோம் குப்பத்திலும் கட்டுமரம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நான்கைந்து மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்தது. அலை மேலேறி ஓடும். அதில் வங்கக்கடலைக் கடப்பேன் என்கிறார் மனிதர்.

இரண்டு தேதிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். ஏப்ரல் 7இல் முடிவு இல்லை. மே 8இல் முடிவு உண்டு. இடையில் 31 நாள். அதிலும் நாகப்பட்டினத்திலிருந்து வந்து சேர்ந்த நாள்கள் கழியும். தெளிவுக்குப் பிடித்தது ஒரு மாதத்துக்கும் குறைவு. பிறகு நான்கு மாதம் எங்கிருந்து வந்தது?

அது பொய்யன்று. அவர் சாந்தோமில் ஏறத்தாழ நான்கு மாதம் இருந்தது உண்மை. ஆகஸ்ட் இறுதியில்தான் புறப்பட்டார். ஆனால் மே 8க்குப் பிறகான மூன்றரை மாதத்துக்கும் தெளிவு தேடியதற்கும் தொடர்பில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து மலாக்காவுக்குக் கப்பல்கள் தென்மேற்குப் பருவக்காற்றின் கடைசிப் பகுதியைப் பிடித்துத்தான் புறப்படும். அதுவரை நங்கூரம்தான். அந்த மாதங்களில் அவர் ஊராருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்டார், சண்டைகளைத் தீர்த்துவைத்தார். ஜுவான் தெய்ரோ என்ற வணிகர் அங்கே அவரிடம் வந்து மனம் மாறி, பிறகு மலாக்காவுக்கு உடன் சென்றார். சவேரியாரின் இறப்புக்குப் பின் 1556இல் போர்ச்சுகல் மன்னர் மூன்றாம் ஜுவான் ஆணையிட்டு, அவரை அறிந்தவர்களிடம் சாட்சியம் திரட்டினார்கள். அவர்கள் நினைவில் நின்றது தங்கியிருந்த மொத்தக் காலம். தங்கிய காலமும் தெளிந்த காலமும் வரலாற்றாசிரியர் கையில் ஒன்றாகிவிட்டன. இரவுகளில் கோயிலில் பேய்கள் அவரை அடித்ததாகவும் பின்னாளைய வரலாறுகள் சேர்த்துக்கொண்டன. மே 8 கடிதத்தில் அதன் சாயல்கூட இல்லை.

கடிதத்தில் வரும் ‘உள் ஆறுதல்’ எந்த வகையைச் சேர்ந்தது? இதற்கு 1534க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று பாரிசில், மோன்மார்த்ர் குன்றில், பின்னாளில் சேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரோடு சேர்ந்து வார்த்தைப்பாடு கொடுத்த எழுவரில் சவேரியாரும் ஒருவர். அடுத்த மாதம் அவர் இஞ்ஞாசியாரின் வழிகாட்டலில் ஆன்மிகப் பயிற்சிகளைச் செய்தார். அந்தப் பயிற்சிகளுக்கான நூல் 1548இல்தான் அச்சேறியது; சவேரியார் அதை அச்சுக்கு முன்பே வாழ்ந்து கற்றவர். அதில் நல்ல முடிவெடுக்க ஏற்ற மூன்று வேளைகளை இஞ்ஞாசியார் பிரித்துச் சொல்கிறார். முதலாவது, பவுலுக்கும் மத்தேயுவுக்கும் நேர்ந்ததுபோல், ஐயத்துக்கே இடமில்லாத அழைப்பு. இரண்டாவது, ஆறுதலும் வறட்சியும் மாறிமாறி வரும் அனுபவங்களைக் கவனித்து, எது எந்த ஊற்றிலிருந்து வருகிறது என்று அறிவது. மூன்றாவது, உள்ளம் அமைதியாக இருக்கும்போது இரு பக்கத்துக் காரணங்களையும் எடைபோடுவது. மூன்றுக்கும் முன்நிபந்தனை ஒன்று: தராசு முள் நடுவில் நிற்பதுபோல், எந்தப் பக்கமும் முன்கூட்டியே சாயாத விடுதலை.

நம் மரபு சாந்தோமை முதல் வேளையாக வரைந்துவிட்டது. கடிதங்கள் காட்டுவது வேறு. ஏப்ரலில் அவர் மூன்றாவது வேளையில் இருக்கிறார்: செய்தி திரட்டுகிறார், எங்கே கூடுதல் தொண்டு என்று எடைபோடுகிறார், கெடு வைக்கிறார், பொறுப்பை ஒப்படைக்கிறார். மே மாதத்தில் இரண்டாவது வேளை வருகிறது: ஒரு பக்கத்தில் ஆறுதல் நிலைக்கிறது. விண்ணகக் குரலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஏப்ரல் கடிதம் தப்பிப் பிழைத்ததால்தான் இந்தப் படிகள் தெரிகின்றன. மே கடிதம் மட்டும் கிடைத்திருந்தால், ‘மன்றாடினேன், உணர்ந்தேன்’ என்ற இரண்டு வினைகளோடு நாமும் நின்றிருப்போம்.

இனிதான் ஆவணங்கள் உண்மையிலேயே திடுக்கிட வைக்கின்றன. செப்டம்பர் இறுதியில் சவேரியார் மலாக்கா சேர்கிறார். மலாக்காக் கோட்டைத் தலைவர் ஏற்கெனவே விசென்தே வியேகாஸ் என்ற குருவை மக்காசாருக்கு அனுப்பிவிட்டிருந்தார். அங்கிருந்து செய்தி வரட்டும் என்று சவேரியார் காத்திருக்கிறார். செபங்களை மலாய் மொழியில் பெயர்த்து மனப்பாடம் செய்கிறார். செய்தி வரவில்லை. 1546 ஜனவரி 1 அன்று கப்பலேறுகிறார், ஆனால் மக்காசாருக்கு அன்று. மொலுக்காத் தீவுகளில் உள்ள அம்போய்னாவுக்கு. அங்கிருந்து மே 10 அன்று ஐரோப்பாவுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் மக்காசாரைப் பற்றி ஒரு விளக்கம்தான் இருக்கிறது: அங்கிருந்து வந்த செய்தி நாங்கள் நினைத்த அளவுக்கு நன்றாக இல்லை, ஆகவே போகவில்லை.

கட்டுமரத்திலாவது போவேன் என்று எழுதி ஏறத்தாழ ஓராண்டு. அவர் மக்காசாருக்குப் பிறகும் போகவில்லை. வாழ்நாளில் ஒருபோதும் போகவில்லை.

அப்படியானால் சாந்தோமில் அவர் உணர்ந்தது தவறா? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு நகர எனக்கு மனமில்லை. ஒரு விடை உடனே கைக்கு வருகிறது: மே 8 கடிதத்தில் மலாக்காப் பக்கமும் மக்காசாரும் சேர்ந்தே வருகின்றன, அவர் உணர்ந்தது திசையை, ஊரை அன்று, ஆகவே தவறில்லை. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் கொஞ்சம் வசதியான உண்மை. அந்தக் கடிதத்தை எழுதியவர் மக்காசாரில்தான் தாம் உழைக்கப்போவதாக நினைத்தார் என்பதில் ஐயமில்லை.

இன்னொரு விடை நிகழ்ச்சிகளைக் கொண்டு நியாயம் சொல்கிறது. அம்போய்னாவில் ருய் லோபெஸ் தெ வில்லலோபோசின் ஸ்பானியக் கப்பற்படை நோயாளிகளோடு வந்து நின்றது. சவேரியார் அவர்களுக்குப் பணிவிடை செய்தார். அந்தப் படையில் இருந்த காஸ்மே தெ தோரஸ் என்ற குரு அவரைச் சந்தித்தார். பிறகு சேசு சபையில் சேர்ந்து, சவேரியாரோடு ஜப்பானுக்குப் போய், அந்தப் பணியை 1570வரை நடத்தினார். மக்காசாருக்குப் போயிருந்தால் தோரஸ் இல்லை, எனவே இதுதான் திருவுளம் என்று சொல்லத் தோன்றும். பின்னோக்கிப் பார்த்துக் கோடு இழுப்பது எவருக்கும் எளிது. 1545இல் சவேரியாருக்கு அந்தக் கோடு தெரியாது. நமக்கு வேண்டியது, தெரியாத நிலையில் அவர் என்ன செய்தார் என்பது.

என் எண்ணம் இது. மே 8இன் உறுதி போலியன்று. அதன்படி அவர் புறப்பட்டார். ஆனால் புறப்பட்ட பிறகு உறுதியைக் காப்பாற்ற உண்மைகளை வளைக்கவில்லை. இஞ்ஞாசியாரின் முறையில் முடிவெடுப்பது கடைசிப் படியன்று. எடுத்த முடிவை இறைவனிடம் ஒப்புக்கொடுத்து, அது உறுதிபெறுகிறதா என்று பார்க்க வேண்டும். மக்காசார் உறுதிபெறவில்லை. ‘ஆண்டவர் சொல்லிவிட்டார், நான் போயே தீருவேன்’ என்று அவர் பிடிவாதம் செய்யவில்லை. ‘ஆண்டவர் ஏமாற்றிவிட்டார்’ என்று இடிந்துபோகவும் இல்லை. செய்தி நன்றாக இல்லை, போகவில்லை. இந்த எளிமையை நான் அவருடைய அற்புதங்கள் பலவற்றைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

அவருக்கு ஆலோசனை கேட்க மேலதிகாரி அருகில் இல்லை என்பதையும் எண்ண வேண்டும். ரோமிலிருந்து எழுதிய கடிதத்துக்கு மொலுக்காவிலிருந்து பதில் கிடைக்க மூன்றே முக்கால் ஆண்டு ஆகும் என்று அதே அம்போய்னாக் கடிதத்தில் கணக்குச் சொல்கிறார். தோழர்கள் தம் கைப்பட எழுதிய கடிதங்களிலிருந்து கையொப்பங்களை மட்டும் வெட்டியெடுத்து, தம் வார்த்தைப்பாட்டு வாசகத்தோடு எப்போதும் உடன் வைத்திருப்பதாகவும் அதில் எழுதுகிறார். கேட்க ஆளில்லாத இடத்தில் அவர் தேர்ந்து தெளிந்தார். ஆனால் தனி மனிதராகத் தம்மை எண்ணவில்லை.

மக்காசார் அவரை மாற்றியதா? அவரே அப்படிச் சொல்லவில்லை. ஆகவே இதை என் ஊகமாகவே வைக்கிறேன். ஆனால் அடுத்த பெரிய முடிவை ஒப்பிட்டால் வேறுபாடு தெரிகிறது. 1547 டிசம்பரில் மலாக்காவில் அஞ்சிரோ என்ற ஜப்பானியரைச் சந்திக்கிறார். நான் வந்தால் உங்கள் மக்கள் ஏற்பார்களா என்று கேட்கிறார். முதலில் நிறையக் கேள்வி கேட்பார்கள், பிறகு உங்கள் பேச்சும் வாழ்க்கையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள் என்று அஞ்சிரோ சொன்னதை 1548 ஜனவரிக் கடிதத்தில் கவனமாகப் பதிவுசெய்கிறார். ஜப்பானுக்குப் போய்வந்த ஜோர்ஜ் ஆல்வாரஸ் என்ற கப்பல் தலைவரிடம் அந்த நாட்டைப் பற்றி எழுத்தில் அறிக்கை வாங்குகிறார். அஞ்சிரோவைக் கோவாக் கல்லூரியில் படிக்கவைக்கிறார். அவரிடமிருந்து இன்னோர் அறிக்கை திரட்டப்படுகிறது. 1549 ஏப்ரலில்தான் கோவாவிலிருந்து புறப்படுகிறார். சாந்தோமில் ஒரு மாதம் பிடித்த இடத்தில் இங்கே ஓராண்டுக்கு மேல். இறைவனைக் கேட்பதோடு, போய்வந்தவர்களையும் துருவித் துருவிக் கேட்கிறார்.

அந்தப் பயணத்தின் கடைசிக் கட்டம் ஒரு சீனக் கப்பலில். கப்பல் தலைவன் அடிக்கடி சிலையின் முன் சீட்டுப்போட்டுப் பயணம் கூடிவருமா என்று பார்த்தான். அதைக் கண்டு சவேரியார் பட்ட வேதனை 1549 நவம்பர் 5 தேதியிட்ட ககோஷிமாக் கடிதத்தில் இருக்கிறது. அந்த வேதனைக்கு அவர் காலத்துச் சமயக் காரணங்கள் உண்டு. ஆனால் இறைவிருப்பத்தை அறிய நம்மிடையேயும் திருவிவிலியத்தைக் கண்மூடித் திறந்து விரல் வைக்கும் பழக்கம் உண்டு. பீடத்தில் சீட்டு வைத்துக் குழந்தையை எடுக்கச் சொல்லும் பழக்கமும் உண்டு. சவேரியாரின் கடிதங்களை நான் படித்தவரையில், தம் பயணங்களை அவர் இந்த வழியில் தீர்மானித்ததாக ஓர் இடமும் இல்லை.

கடைசியாக ஒரு கடிதம். இது அவர் எழுதியதன்று. 1553 ஜூன் 28 அன்று ரோமிலிருந்து இஞ்ஞாசியார் எழுதியது. கீழ்ப்படிதலின் பேரில் ஐரோப்பாவுக்குத் திரும்பி வரும்படி சவேரியாருக்கு ஆணை. காரணங்களும் தரப்பட்டிருக்கின்றன: இந்தியாவின் நிலையைப் போர்ச்சுகல் மன்னரிடமும் திருத்தந்தையிடமும் நேரில் எடுத்துரைக்கலாம், பணிக்கு ஏற்றவர்களைத் தேர்ந்து அனுப்பலாம், அங்கிருந்தே பணிகளை நன்றாக வழிநடத்தலாம். மூன்றாவது வேளையின் எடைபோடல் இதில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் சவேரியார் 1552 டிசம்பர் 3 அன்றே, சீனாவுக்குள் நுழையக் காத்திருந்த சான்சியான் தீவில் இறந்துவிட்டார். செய்தி ரோமை எட்டியிருக்கவில்லை.

கடிதம் உரிய காலத்தில் வந்திருந்தால் அவர் சீனாவை விட்டுத் திரும்பியிருப்பாரா? இதற்கு ஊகம் தேவையில்லை, ஆவணமே இருக்கிறது. 1552 ஜனவரி 29 அன்று கொச்சியிலிருந்து இஞ்ஞாசியாருக்கு அவர் எழுதியிருக்கிறார். சாவதற்குள் உன்னைக் காண விரும்புகிறேன் என்ற இஞ்ஞாசியாரின் வரியைக் கண்ணீரோடு படித்ததாகச் சொல்லி, கீழ்ப்படிதல் அழைத்தால் எதுவும் முடியாததன்று என்கிறார். மக்காசாரைப் போலச் சீனாவையும் பாதியில் விட்டுவிட்டு அவர் மேற்கே கப்பலேறியிருப்பார் என்றே நான் நம்புகிறேன்.